பார்க்க வேண்டிய இடங்கள்: முதலாவது சவக்காலை

இந்த நாட்டில் ஒரு சின்ன ஊருக்குப் போய், இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், முதலில் சவக்காலையை, அதாவது செத்தவர்களைப் புதைக்கும் இடத்தைக் காட்டுகிறார்கள். பகிடிக்கு எழுதவில்லை. மெல்பேர்ணிலிருந்து வடமேற்கே ஒரு முழுநாள் கார் ஓடினால் வருகின்ற செம்மண் ஊர்களில், பெற்றோல் நிலையத்திலோ தபால் கந்தோரிலோ நாலாக மடித்த ஒரு கடதாசி இலவசமாகக் கிடைக்கும். அதில் ஊரின் வரைபடமும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலும் இருக்கும். எங்கள் ஊர்க் கடதாசியில் முதலாவதாக இருப்பது முன்னோடிகள் சவக்காலை. அடுத்தது இரண்டே இரண்டு அறைகள் கொண்ட பழைய மறியற்சாலை. அதற்குப் பிறகு நூதனசாலை, துருப்பிடித்த ஒரு நீராவி இயந்திரம், கடைசியாக ஒரு மரம். எப்போதோ வழிதவறி வந்த ஒரு வெள்ளைக்காரர் அந்த மரத்தில் தன் பெயரின் முதலெழுத்தை வெட்டிவிட்டுப் போனாராம். அதைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஒருவர் வந்து ஊரைச் சுற்றிக் காட்டச் சொன்னால் நாங்கள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவோம், கோட்டையைக் காட்டுவோம், கீரிமலையில் குளிக்க வைப்போம். சுடலைக்குக் கூட்டிக்கொண்டு போனால் வந்தவர் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிடுவார்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்து மூன்று வருடமாகிறது. ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் யாழ்ப்பாணத்தில் வாசிப்பவர்களுக்குத் தெரியப்போவதில்லை, மெல்பேர்ணில் நோபல் பார்க் பக்கம் இருக்கும் எங்கள் சனத்துக்கே தெரியாது. என் கணவர் இங்கே ஷயர் எஞ்சினியர். ஷயர் என்பது நம்முடைய பட்டின சபை மாதிரித்தான். ஆனால் அதன் எல்லைக்குள் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சும்மா விரித்துப் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் செம்மறி மேய்க்கலாம். றோட்டு, பாலம், தண்ணீர், குப்பை எல்லாம் இவருடைய பொறுப்பு. சவக்காலையும் இவருடைய பொறுப்புத்தான். கணவரின் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். ஆகையால் இந்தக் கட்டுரை முழுக்க அவர் 'இவர்' என்றே வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்னே இரண்டு வருடம் நோபல் பார்க்கில் இருந்தோம். வன்னியில் குளங்களைக் கட்டியும் பராமரித்தும் வந்த மனிதர், ஒரு கார்த் தொழிற்சாலையில் வரிசையாக வரும் கார்களுக்குக் கதவு பூட்டிக்கொண்டிருந்தார். காலையில் இடதுபக்கக் கதவு, சாப்பாட்டுக்குப் பிறகு வலதுபக்கக் கதவு. உங்கள் அனுபவம் நல்ல அனுபவந்தான், ஆனால் அவுஸ்திரேலிய அனுபவம் இல்லையே என்று ஒவ்வொரு கந்தோரிலும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் 'இவருக்குக் கார்க் கொம்பனியில் வேலை' என்பதோடு நிறுத்திவிடுவேன். அதைப் பொய் என்று ஒருவரும் சொல்ல முடியாது. என் மாமனார் அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்து, மகன் கார் டிசைன் பண்ணுகிறான் என்ற அளவுக்கு வளர்த்துவிட்டார். அதைப் பெருமையாக எழுதி மாமனார் அனுப்பிய கடிதத்தை இவர் வாசித்துவிட்டு மடித்து வைத்த விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

அப்படி இருக்கும்போதுதான், இவர் போட்ட விண்ணப்பத்துக்கு மறுமொழியாக இந்த ஷயரிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை நேரில் வரவும், மனைவியையும் அழைத்து வரவும், ஊரைச் சுற்றிக் காட்டுவோம் என்று இருந்தது. மனைவி எதற்கு என்று எங்களுக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டு மனோ அக்காவுக்கு விளங்கியது. அவ எங்களுக்கு முன்னமே வந்து இந்த நாட்டை அளந்து வைத்திருப்பவ.

"உந்தக் காட்டு ஊருகளில ஒருத்தரும் நிக்கிறேல்லையடி. அவை அவரை இன்டர்வியூ பண்ண மாட்டினம், உன்னைத்தான் பண்ணுவினம். சிரிச்சுக் கதை. தாறதைச் சாப்பிடு. பிள்ளையள் கண்டால் தூக்கு."

புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை விடியப் புறப்பட்டோம். எங்களிடம் இருந்தது ஆறு கை மாறிய ஒரு ஹோல்டன் கார். மத்தியானத்துக்குப் பிறகு மரங்கள் குறைந்துகொண்டே போய், கடைசியில் நிலமும் வானமும் மட்டும் மிஞ்சின. இவர் வாய்க்குள் ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தார். என்ன என்று கேட்டேன். "இந்த வேலை கிடைக்காட்டில் நான் திரும்ப இலங்கைக்குப் போறன்" என்றார். அதைக் கோபத்தில் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து முடித்தவர் மாதிரிச் சொன்னார். அங்கே இவருடைய பழைய கதிரையில் வேறொருவர் இருந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை, நாங்கள் தங்கியிருந்த ஹோட்டல் வாசலுக்கு ஷயர் தலைவர் ஜிம்மும் அவருடைய மனைவி பெரிலும் வந்தார்கள். ஜிம் பெரிய தொப்பியும் பெரிய கையும் கொண்ட செம்மறிப் பண்ணைக்காரர். பெரிலுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான மனுசி, நிமிர்ந்து பார்க்கும் நீலக் கண்கள். காரில் ஏறியதும் ஜிம் திரும்பி என்னைப் பார்த்து, "கடைசியாக இருந்த எஞ்சினியர் எட்டு மாதத்தில் போய்விட்டார். அதற்கு முன்னவர் ஐந்து மாதம். அதற்கும் முன்னவர் ஒரு கோடைகாலத்தைக்கூடத் தாண்டவில்லை. மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனது அவர்களுடைய மனைவிமார். நாங்கள் எஞ்சினியரைத் தேடவில்லை அம்மா, மனைவியைத்தான் தேடுகிறோம்" என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். மனோ அக்காவுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அன்று காலை நான் நடந்துகொண்ட விதத்துக்கு எனக்கு நானே நூறு புள்ளி போடுவேன். மறியற்சாலைக்குள் நுழைந்து, குதிரை திருடியவனைக் கட்டி வைத்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்து 'ஓ' என்றேன். நீராவி இயந்திரத்தைச் சுற்றி வந்தேன். முதலெழுத்து மரத்தைப் பார்த்தேன். அந்த எழுத்து மரத்தோடு சேர்ந்து வளர்ந்து, பூசணிக்காய் மாதிரி ஊதிப்போயிருந்தது. என்ன எழுத்து என்று அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. நூதனசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கரி ஸ்திரிக்கைப்பெட்டி வைத்திருந்தார்கள். "என் பாட்டியார் காலத்துச் சாமான்" என்றா பெரில். "எங்கள் வீட்டில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, அம்மா போன கிழமையும் இதில்தான் சேலை மினுக்கியிருப்பா" என்றேன். நான் பெருமையாகத்தான் சொன்னேன். பெரில் என் முழங்கையை மெல்லத் தடவி, "பாவம், லவ்" என்றா. இங்கே எல்லாரும் எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள், பாண் விற்பவளும் கூப்பிடுவாள். அது எனக்கு அப்போது தெரியாது. சரி, அன்பு வந்துவிட்டது, வேலை கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாடு அவர்களுடைய வீட்டில். போகும் வழியில் கார் ஒரு இரும்புக் கேற்றடியில் நின்றது. கேற்றுக்கு மேலே வளைவாக எழுத்து, உள்ளே வரிசை வரிசையாகக் கற்கள். "எங்கள் ஊரின் பெருமையே இதுதான். இதைக் கடைசிக்கு வைத்திருந்தேன்" என்றார் ஜிம்.

எனக்குக் கால் எழும்பவில்லை. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. வாழ்க்கையில் ஒரு சுடலையையும் நான் கண்டதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் அங்கே போவதில்லை. ஐயா செத்தபோது எனக்கு இருபது வயது. பாடை தூக்கியதும் நாங்கள் எல்லாரும் தலைவிரிகோலமாக வாசற் படலைவரைக்கும் ஓடினோம். படலையோடு நிறுத்திவிட்டார்கள். பறைமேளச் சத்தம் ஒழுங்கை திரும்பிக் குறைந்துகொண்டு போனதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பின்னேரம் அண்ணன்மார் கிணற்றடியில் தோய்ந்து, ஈரத்தோடு வந்தார்கள். எங்கே வைத்தீர்கள், எப்படி வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஐயாவின் கடைசி இடம் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் விலங்கியல் படித்து, தவளையையும் கரப்பானையும் கீறிப் பிள்ளைகளுக்குக் காட்டிய ரீச்சர். இதெல்லாம் விஞ்ஞானம் இல்லை என்று நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் படித்தது தலையில் இருந்தது, கால் வேறு எங்கோ படித்திருந்தது.

இவர் கிட்ட வந்து, சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இஞ்சேரும், வாரும். அவை பாத்துக்கொண்டு நிக்கினம்."

"நான் உதுக்குள்ள வரமாட்டன்."

"சவக்காலையெண்டு நினையாதையும். நூதனசாலையெண்டு நினையும்."

திரும்ப இலங்கைக்குப் போறன் என்று முதல்நாள் காரில் இவர் சொன்னது காதில் கேட்டது. சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

நான் பயந்த மாதிரி அங்கே ஒன்றும் இல்லை. மிளகுமரங்கள் தொங்கிக்கொண்டு நின்றன. செம்மண்ணும் காற்றும்தான். ஜிம் ஒவ்வொரு கல்லடியிலும் நின்று, இவன் குதிரையால் விழுந்தவன், இவள் பதினோரு பிள்ளை பெற்றவள், இவன் மதுச்சாலையை நடத்தி அதிலேயே முடிந்தவன் என்று, உயிரோடு இருக்கும் அயலாரைப் பற்றிப் புறணி பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு மூலையில் ஒட்டகம் ஓட்டி வந்த ஓர் ஆப்கான்காரரின் கல், மற்றக் கற்களுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. அதற்கும் அப்பால் தோட்டம் செய்த சீனர் இருவர். "இவர்கள் எல்லாருக்கும் முன்னமே இங்கே இருந்த சனத்தை எங்கே வைத்தார்கள்?" என்று இவர் கேட்டார். ஜிம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஆற்றங்கரைப் பக்கம் எங்கேயோ. கல் ஒன்றும் கிடையாது" என்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்கு நடந்தார்.

பெரில் எங்களோடு வரவில்லை. ஒரு சின்னக் கல்லடியில் குந்தியிருந்து, காய்ந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தா. நான் கிட்டப் போனதும், நிமிராமல், "எங்கள் மூத்தவன். மூன்று நாள் இருந்தான்" என்றா. குனிந்து நானும் நாலைந்து புல்லைப் பிடுங்கினேன். அவ பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. "வாருங்கள், ஆட்டிறைச்சி கருகிவிடும்."

வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். கார் நின்றதும் இவர் ஜிம்மோடு பேசிக்கொண்டு, கால்கூடக் கழுவாமல் விறுவிறென்று உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசையில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார். விறாந்தையில் ஏறிய நான், உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றேன். பச்சைப்பிள்ளையின் அழுகை. அவர்களுடைய மகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். பிள்ளை பிறந்து மூன்று கிழமை.

எங்கள் வீடுகளில் பிறந்து முப்பத்தொரு நாள் கழியாத பிள்ளை இருக்கிற அறைக்குள் வெளியால் போய் வந்தவர்களே கால் கழுவித்தான் போவார்கள். செத்த வீட்டுக்குப் போனவர்கள் அந்தப் படலையைத் திறக்கவும் மாட்டார்கள். நானோ அப்போதுதான் ஊரிலுள்ள அத்தனை பேருடைய கல்லையும் தொட்டுவிட்டு வந்து நிற்கிறேன்.

"இஞ்சாருங்கோ! தோயாமல் உள்ளுக்குப் போட்டியளே? பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு!"

"இப்ப உதெல்லாம் பாக்கிற நேரமே?" இவருடைய குரல் உள்ளேயிருந்து வந்தது. "வாரும் உள்ளுக்கு!"

அதற்குள் பெரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கே வந்துவிட்டா. புல்லுப் பிடுங்கிய அதே கை, நகத்தில் அதே செம்மண். "இந்தாருங்கள் லவ், பிடியுங்கள்" என்று சிரித்தபடி என்னிடம் நீட்டினா. நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்னுக்குப் போனேன். விறாந்தைத் தூண் முதுகில் இடித்தது. அவ இன்னுமோர் அடி முன்னுக்கு வந்தா. நான் "வேண்டாம், வேண்டாம்" என்றேன். சற்றுப் பலமாகச் சொல்லிவிட்டேன் போல.

பெரிலின் சிரிப்பு நின்றது. பிள்ளையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டா. வாசலுக்கு வந்த மகள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஜிம் வந்து நின்றார். ஐந்து மாதக்காரி, எட்டு மாதக்காரி எல்லாரையும் அவர் என் முகத்தில் கண்டது எனக்கே தெரிந்தது. அவருடைய தோளுக்கு மேலால் இவர் எட்டிப் பார்த்தார். அந்த முகத்தை நான் எழுத விரும்பவில்லை. வேலை போய்விட்டது, என்னால் போய்விட்டது என்று எனக்குத் திண்ணமாகத் தெரிந்தது. மனோ அக்கா சொன்னது மூன்றே மூன்று விஷயம். மூன்றையும் இந்த விறாந்தையில் நின்றுகொண்டே கெடுத்துவிட்டேன்.

என்னுடைய இங்கிலீஷ் வகுப்பறை இங்கிலீஷ். பயம் வந்தால் அதிலும் பாதி ஓடிவிடும். மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு சொன்னேன்: "நான் கல்லறைகளிலிருந்து வருகிறேன். எங்கள் ஊரில் அங்கேயிருந்து வந்தவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் வரக்கூடாது. பிள்ளையைத் தொடக் கூடாது. எனக்காகச் சொல்லவில்லை. பிள்ளை சின்னது. பிள்ளைக்காகத்தான்."

சொல்லி முடித்த பிறகுதான், நான் யாரிடம் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. மூன்று நாள் பிள்ளையைப் புதைத்தவளிடம், அந்தப் பிள்ளையின் புல்லைப் பிடுங்கிவிட்டு வந்தவளிடம் சொல்லியிருக்கிறேன். நிலம் வெடித்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

பெரில் தன்னுடைய கையைப் பார்த்தா. விரல்களை விரித்து, நகத்திலிருந்த மண்ணைப் பார்த்தா. பிறகு பிள்ளையை மகளிடம் கொடுத்துவிட்டு, விறாந்தைப் படியால் இறங்கி வீட்டின் பின்பக்கம் போனா. நான் எங்கே போகிறா என்று தெரியாமல் பின்னாலேயே போனேன். அங்கே கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் ஒரு பெரிய தகரத் தாங்கி நின்றது. அவ விரல் முட்டியால் அதைக் கீழேயிருந்து மேலே தட்டிக்கொண்டு போனா. ஒரு இடத்தில் சத்தம் மாறியது. அது அவவுடைய இடுப்பளவுக்குக் கீழே.

"மழை வரும்வரைக்கும் இவ்வளவுதான். ஒரு வாளி தரலாம்" என்றா. "எலுமிச்சை மரத்தடியில் நின்று ஊற்றுங்கள், வீணாகக் கூடாது. உங்கள் உடுப்பு?"

"ஹோட்டலில்."

அவ உள்ளே போய் ஒரு துவாயும், பெரிய பெரிய மஞ்சள் பூப் போட்ட தன்னுடைய சட்டை ஒன்றும் கொண்டுவந்தா. நான் எலுமிச்சை மரத்துக்கும் தாங்கிக்கும் இடையில், சேலையோடு நின்று, தலையில் தண்ணீரை ஊற்றினேன். மத்தியான வெயிலில் அந்தத் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினொரு வருடத்துக்கு முன் அண்ணன்மார் ஈரத்தோடு வந்த நாளும் நினைவுக்கு வந்தது, இவருடைய முகமும் வந்தது. தண்ணீரோடு தண்ணீராக அழுது முடித்தேன். கண்ணைத் திறந்தால் பெரில் அந்தப் பக்கம் திரும்பி நின்று, வாளியின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் தன் இரண்டு கைகளையும் முழங்கைவரை கழுவிக்கொண்டிருந்தா. நகத்தை ஒவ்வொன்றாக உரஞ்சினா.

இதற்கிடையில் ஜிம் இவரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மனைவி குளித்தால் கணவனும் குளிக்க வேண்டாமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். இவருக்கு அரை வாளி கிடைத்தது. சேட்டைக் கழற்றிவிட்டு, பெனியனோடு எலுமிச்சை மரத்தடியில் நின்ற ஷயர் எஞ்சினியர் வேட்பாளர், தலையைத் துடைத்துக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். பிறகு கூரைத் தண்ணீர் ஓடிவரும் பீலியைப் பார்த்தார். பிறகு தாங்கியை அடியால் நடந்து அளந்தார். "உங்கள் பீலிக்கு வாட்டம் பிழை. மழை பெய்தாலும் பாதித் தண்ணீர் அந்த மூலையால் வெளியே போகும்" என்றார்.

ஜிம் பீலியைப் பார்த்தார். "இருபது வருடமாக அப்படித்தான் போகிறது" என்றார். "சரி, ஊர் அணைக்கட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்? அதில் தண்ணீரைவிட மண்தான் கூட இருக்கிறது."

பிறகு இவரை யாரால் நிறுத்த முடியும்? வன்னியில் குளம் தூர்வாரிய கதை, தூர்ந்த மண்ணை வயலுக்கு ஏற்றிய கதை, கலிங்கு உயர்த்திய கதை எல்லாம் ஆட்டிறைச்சிக்கு முன்னும் பின்னுமாக வந்தன. மேசை விரிப்பில் முள்ளுக்கரண்டியால் அணைக்கட்டுக் கீறினார். இரண்டு வருடமாகக் கதவு பூட்டிய மனிதரின் வாயில் இவ்வளவு பேச்சு இருந்ததை நானே மறந்திருந்தேன். நான் மஞ்சள் பூச் சட்டையோடு, வாழ்க்கையில் முதல்முறையாக முழங்கால் தெரிய, தலையில் துவாய் சுற்றிக்கொண்டு அந்த மேசையில் இருந்தேன். சாப்பிட்டு முடிந்ததும் மகள் எழும்பி வந்து பிள்ளையை என் மடியில் வைத்தாள். பால் மணத்தது. ஈர மயிரிலிருந்து ஒரு துளி அதன் நெற்றியில் விழ, அது முகத்தைச் சுளித்துத் தும்மியது. எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் என் நெஞ்சிலிருந்த கல் இறங்கியது.

என்னுடைய சிவப்புச் சேலையைப் பெரில் வளவிலிருந்த சுழலும் கொடியில் போட்டிருந்தா. ஆறு யார் துணியும் காற்றில் சுற்றிச் சுற்றி, பின்னேரம் வரைக்கும் கொடியேற்றம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் புறப்படும் முன்னரே ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. ஹோட்டல்காரர் என்னைக் கண்டதும், "நீங்கள்தான் சவக்காலைக்குப் போய்விட்டுக் குளிக்கிற பெண்மணியா?" என்று கேட்டார். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. இவர் அதை நின்றபடி வாசித்தார், பிறகு இருந்து வாசித்தார். என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போய் முகத்தைக் கழுவினார். அன்றைக்கு மாமனாருக்கு எழுதிய கடிதம்தான் நான் இந்த நாட்டிலிருந்து ஒளிவுமறைவில்லாமல் எழுதிய முதல் கடிதம்.

வேலைக்கு வந்த முதல் மாதமே இவர் சவக்காலைக் கேற்றடியில் ஒரு தண்ணீர்க் குழாய் போட்டுத் தந்தார். சபைக்கூட்டத்தில் பூச்செடிகளுக்கு என்று சொன்னாராம். யாருக்கு என்று பெரிலுக்குத் தெரியும். கிழமைக்கொரு நாள் மகனுடைய புல்லைப் பிடுங்கிவிட்டு வரும்போது அவவும் அதில் கை கழுவுகிறா. உல்லாசப் பயணிகள் அதில் போத்தல் நிரப்பிக்கொண்டு போகிறார்கள். இப்போது அச்சடித்திருக்கும் கடதாசியில் சவக்காலைக்குப் பக்கத்தில் 'தண்ணீர் வசதி உண்டு' என்று போட்டிருக்கிறார்கள். நானும் நூதனசாலையில் மாதம் இரண்டு ஞாயிறு நின்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறேன். போன வருடம் மனோ அக்கா குடும்பத்தோடு வந்தா. ஊரில் காட்ட எஞ்சியிருந்தது சவக்காலைதான் என்பதால், அவர்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

"உதைப் பாக்கவோடி நாங்கள் ஒரு நாள் முழுக்கக் கார் ஓடி வந்தனாங்கள்?" என்று கேற்றடியிலேயே நின்றுவிட்டா. "நான் வரேல்லை. நீ போட்டு வா."

போன மாதம் இவர் பெரிய காகிதச் சுருள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். சிட்னியிலிருந்தும் மெல்பேர்ணிலிருந்தும் வருகிறவர்கள் தங்கள் முப்பாட்டனின் கல் எங்கே என்று தேடி அலைகிறார்களாம். அதனால் சவக்காலைக்கு ஒழுங்கான படம் வேண்டும் என்று சபை தீர்மானித்திருந்தது. கல் உள்ளதெல்லாம் மையால் கீறிப் பெயர் எழுதிய சின்னச் சின்னப் பெட்டிகள். மிச்சமெல்லாம் வெறும் பெட்டிகள். பெரில் கேக் கொண்டுவந்தவ, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தா.

"இது அவன்," என்று விரலை வைத்தா. "இது எனக்கு. இது ஜிம்முக்கு. இதற்குப் பக்கத்தில் இரண்டை உங்கள் இரண்டு பேருக்கும் பிடித்து வைக்கச் சொல்லிக் கிளாக்கரிடம் சொல்லிவிட்டேன். மிளகுமரத்தடி. பின்னேரத்தில் நல்ல நிழல், லவ்."

கழுத்தில் தாலியும் நெற்றியில் பொட்டுமாக இருப்பவளைப் பார்த்து, உனக்குக் குழி பிடித்து வைத்திருக்கிறேன் என்று எங்கள் ஊரில் ஒருத்தி சொன்னால், அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி உயரும். நான் பெரிலின் முகத்தைப் பார்த்தேன். பரிசு கொண்டுவந்து கொடுத்தவள் அவிழ்த்துப் பார்க்கும்வரை காத்திருப்பாளே, அப்படி நின்றா. எட்டு மாதம், ஐந்து மாதம், ஒரு கோடை என்று போனவர்களை அவ மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று வருடமாகியும் நான் போய்விடுவேனோ என்று பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறா.

நாங்கள் எரிப்போம், புதைப்பதில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. "மிச்சம் நன்றி, பெரில்" என்றேன். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவ கேக்கில் இரண்டு துண்டு எனக்கு வெட்டி வைத்துவிட்டுச் சந்தோஷமாகப் போனா.

அவ போன பிறகு நான் படத்துக்குக் கிட்டக் குனிந்து பார்த்தேன். மிளகுமரத்தடியில், இரண்டு பெட்டிகளிலும், கிளாக்கரின் கையெழுத்தில் எங்கள் பெயர்கள் பென்சிலால் எழுதியிருந்தன. ஐயாவின் இடம் எனக்குத் தெரியாது. என் இடம் இந்தா, ஒரு செம்மண் ஊரின் படத்தில், வரிசை எண்ணோடு இருக்கிறது.

இவர் அழிறப்பரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். "அழிச்சு விடவே?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றேன்.

"அப்ப மையால எழுதட்டே?"

"ஐயோ, அதுவும் வேண்டாம். பென்சிலிலயே கிடக்கட்டும்."